சுண்டிக்குளத்தில் ஒரு ‘காணும்’

சுண்டிக்குளத்துக்கு நான் போனது பூநாரை பார்க்க. பார்த்தேன். கூட்டம் கூட்டமாகப் பார்த்தேன். எப்படி இருந்தன என்று யாராவது கேட்டால் மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவை என் முன்னால் நின்ற நேரத்தில் மனம் முழுக்க ஒரு வேப்பமரத்தடியில் கிடந்தது. ஏன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பறவைகளைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

நான் திருநெல்வேலிக்காரன். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூந்தன்குளத்துக் கரையில் நிற்கிற ஆள். கூந்தன்குளத்தில் நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். அவற்றுக்காக ஊரில் தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். அது நல்ல இடம்தான். ஆனால் டீக்கடை ரேடியோ சத்தத்தில் பறவை பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மனிதவாடை இல்லாத நீர்வெளி ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அலுவலக வேலையாகக் கொழும்புக்குப் போகும்படி வந்ததும், கூடவே விடுப்பைச் சேர்த்துக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டேன்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். வன்னிக்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் யாரும் பூநாரையைப் பற்றிக் கேட்கவில்லை. “அங்க சனங்க எப்படி இருக்காங்கன்னு பார்த்து எழுது” என்றார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். பஸ் ஓமந்தையைத் தாண்டும்போதே ஜன்னல் வழியாகத் துயரத்தைத் தேட ஆரம்பித்துவிட்டேன். வெளியே நெல் வயலும், குளத்துக் கட்டும், கட்டின்மேல் சைக்கிள் மிதித்துப் போகிற பள்ளிப் பிள்ளைகளும்தான் தெரிந்தார்கள். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

இன்னொரு பெருமையும் இருந்தது. வெளிநாட்டுக்கு வந்திருக்கிறேன், ஆனால் மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. பக்கத்து இருக்கைக்காரர் “ஆறுதலா இருங்கோ” என்றபோது, எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, அவசரப்படாமல் வசதியாக உட்காரச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். ‘முத்தம்’ என்றால் முற்றம் என்று முன்பே தெரியும். இவ்வளவு தெரிந்த பிறகு எல்லாம் தெரியும் என்று நினைப்பதுதானே வழக்கம்.

பரந்தனில் இறங்கினேன். என்னைக் கூட்டிப்போக சிவபாலன் அண்ணாவும் அவர் மனைவி வசந்தி அக்காவும் லாண்ட்மாஸ்டரில் வந்திருந்தார்கள். கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற இரட்டைச் சக்கர உழவு இயந்திரம் அது; பின்னால் ஒரு பெட்டியைக் கோத்துவிட்டால் வன்னியில் அதுதான் வண்டி. நண்பரின் நண்பர் மூலமாக அவர்கள் வீட்டில் தங்க ஏற்பாடாகியிருந்தது. களப்பு என்று அவர்கள் சொல்கிற உப்பங்கழியின் தென்கரையில் சின்ன ஊர். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இந்த முறை அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் அரிசி மூட்டைமேல் இன்னொரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா. அறுபதை நெருங்குகிற வயது. சாமான் வாங்க வந்தவர். என் தொப்பியையும், முழங்கால்வரை போட்டிருந்த ரப்பர் பூட்ஸையும், கழுத்தில் தொங்கிய கருவிகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

“தம்பி என்னத்துக்கு வந்திருக்கிறார்?” என்று வசந்தி அக்காவிடம் கேட்டார்.

“கொக்குப் பாக்க.”

“மெய்யே? இந்தியாவிலை கொக்கு முடிஞ்சுதோ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வாய் முழுக்கத் திறந்து, பல் அத்தனையும் தெரிய, தோள் குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு.

கனகராயன் ஆறு களப்பை நோக்கி விரிந்து ஓடுகிற இடத்தில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. தை மாதத்துத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என் பூட்ஸ் ஒன்று சேற்றுக்குள் மாட்டிக்கொண்டது. கால் மட்டும் வெளியே வந்தது. பூமணி அக்கா சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் நின்று, அந்த பூட்ஸைப் பிடுங்கி என் கையில் தந்தார். தந்துவிட்டு மறுபடியும் சிரித்தார். மருத மரங்களுக்கு அப்பால் களப்பு ஈயத்தகடாகத் தெரிந்தது. இந்தம்மாவுக்கு வாழ்க்கையில் கவலையே கிடையாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு போய்ச் சேர்ந்தோம். வசந்தி அக்கா குசினியில் புட்டு அவித்தார். கூடவே இடிசம்பல், மீன் போட்ட சொதி. சொதி என்றதும் நான் குஷியாகிவிட்டேன். எங்கள் நெல்லையிலும் சொதி உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்குச் செய்வது. காய்கறி எல்லாம் போட்டு, தேங்காய்ப்பாலில் கெட்டியாக, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலோடு வரும். இங்கே சொதி மஞ்சள் தண்ணீராக, தினப்படிச் சாப்பாட்டுக்குப் புட்டை நனைக்க வருகிறது. பேர் ஒன்று, பண்டம் வேறு. கடவுள் அந்த இடத்திலேயே எனக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார். நான் அதையும் அள்ளிச் சாப்பிட்டுவிட்டேன்.

சாமி படங்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பூ ஒட்டிய சட்டத்துக்குள் இரண்டு பிள்ளைகளின் படம் இருந்தது. பள்ளிக்கூட உடுப்பில் ஒரு பையன், ஒரு பெண். வீட்டில் பிள்ளைகள் யாரையும் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

“பிள்ளைங்க எத்தனை பேருக்கா?” என்று கேட்டேன்.

“ரெண்டு. ஒரு பொடியனும் ஒரு பெட்டையும்” என்றார் வசந்தி அக்கா. என் தட்டில் இன்னொரு துண்டுப் புட்டை வைத்தார். “காணும்.”

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் ஊரில் பேனாவைக் காணும் என்போம், செருப்பைக் காணும் என்போம். பெற்ற பிள்ளைகளைக் காணும் என்று ஒருத்தி புட்டு வைத்துக்கொண்டே சொல்லி நான் கேட்டதில்லை. வன்னியில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார்களைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தேன். ஒருத்தர் என் முன்னால் உட்கார்ந்து எனக்குச் சாப்பாடு போடுகிறார் என்றதும் கண் நிறைந்துவிட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். “உறைச்சுப் போட்டுதோ தம்பி? சம்பலுக்குச் செத்தல் மிளகாய் கூடிப்போச்சு. சீனி தரட்டே?”

தன் துக்கத்தை மறைத்து என் நாக்கைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று இன்னும் உருகிப்போனேன். இரண்டு தட்டுகளில் புட்டை எடுத்து மூடி வைத்தார். அதையும் பார்த்துக்கொண்டேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆறாத புண்ணைக் கிளறக்கூடாது என்ற நாகரிகம். என் வாழ்க்கையில் நான் காட்டிய மிக மோசமான நாகரிகம் அதுதான். “எப்போதிலிருந்து?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்போம்.

மறுநாள் காலையில் சிவபாலன் அண்ணாவோடு கரையோரமாக நடந்தேன். கண்டல் வேர்களுக்கு நடுவில் ஊசிவால் வாத்துகள், எதிர்க்கரையில் வரிசையாகக் கூழைக்கடாக்கள். ஆனையிறவுப் பக்கமிருந்து உப்புக் காற்று வந்துகொண்டே இருந்தது. கூந்தன்குளத்தில் ஒரு குளத்தைச் சுற்றி ஊர். இங்கே தண்ணீர்தான் ஊர்; ஆறும் களப்பும் கடலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்க, மனிதர்கள் ஓரமாக ஒதுங்கி இருக்கிறார்கள்.

சரணாலயத்து அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிங்களம் மட்டும் பேசுகிறவர். அவர் சொன்னதை சிவபாலன் அண்ணா எனக்குத் தமிழில் சொன்னார்: நாளைக்குப் படகில் போகலாம், பறவைகளுக்கு மிகவும் கிட்டப் போகக்கூடாது, பிளாஸ்டிக் எதையும் போடக்கூடாது, கடைசி மழைக்குப் பிறகு முதலைகள் இடம் மாறியிருப்பதால் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். நான் திருப்பிச் சொன்னேன், அண்ணா மொழிபெயர்த்தார், அவர் தலையசைத்தார். எல்லாம் சரியாகப் புரிந்தது. அந்தப் பயணத்தில் எனக்குப் பாஷை தெரியாத ஒரே மனிதர் அவர்தான்; அவரிடம் மட்டும் எனக்கு ஒரு பிழையும் நேரவில்லை.

மதியத்துக்குமேல் முற்றத்தில் வசந்தி அக்காவும் பூமணி அக்காவும் அடுப்பு மூட்டி மா வறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் காமிராவோடு போனேன். பூமணி அக்கா அகப்பையை நிறுத்திவிட்டு, “கொக்கு முடிஞ்சு இப்ப எங்களைப் பாக்க வந்திட்டார்” என்று சொல்லிச் சிரித்தார். புகை முகத்தில் அடித்ததில் வசந்தி அக்கா கண்ணைச் சுருக்கிக் குனிந்தார். அந்த நேரத்தில் எடுத்தேன். திரையில் பார்த்தபோது வசந்தி அக்காவின் கண்ணோரத்தில் ஈரம் பளபளத்தது. பக்கத்தில் பூமணி அக்காவின் அந்தப் பெரிய சிரிப்பு.

ஊருக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. வயல் வரம்பு முடிகிற இடத்தில் ஒரு வேம்பு நிற்கிறது. அதன் அடியில் நின்றால்தான் கிடைக்கும். ஊரே தன் போன் பேச்சையெல்லாம் அங்கே வந்துதான் பேசுகிறது. பின்னேரம் அங்கே போய் நின்றேன். படத்தைப் போனுக்கு மாற்றினேன். பூமணி அக்காவின் சிரிப்பு படத்தைக் கெடுத்தது. சோகத்துக்குப் பக்கத்தில் அது பொருந்தவே இல்லை. அதனால் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு, வசந்தி அக்காவின் ஈரக் கண்ணை மட்டும் வைத்து முகநூலில் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: ‘காணாமல்போன இரண்டு பிள்ளைகளுக்காக இன்றைக்கும் இரண்டு தட்டுகளில் உணவை மூடி வைத்துக் காத்திருக்கிறார் இந்தத் தாய்.’

அந்த இரண்டு தட்டும் புருஷனுக்கும் அவருக்கும் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எழுதுகிறவனுக்குத் தெரியவில்லை. பதிவு போனதுமே மழைத்தூறல் விழ, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதே வேம்படியில் நின்றுதான் வசந்தி அக்கா பிள்ளைகளோடு பேசுகிறவர் என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் விடிந்ததும் படகில் கிளம்பினோம். சிவபாலன் அண்ணா இறால் பிடிக்கிற படகு. ஒரு மணல்திட்டைச் சுற்றியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கம்பால் ஊன்ற ஆரம்பித்தார். தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இல்லை. தூரத்தில் ஒரு கரை முழுவதும் வெளிர்சிவப்பாகத் தெரிந்தது. பூநாரைகள். இதற்காகத்தானே வந்தேன்.

“முதல்லை தேத்தண்ணி குடிப்பம். அதுகள் எங்கையும் போகாது” என்றார். வசந்தி அக்கா கொடுத்துவிட்ட பிளாஸ்கைத் திறந்து அவருடைய கோப்பையில் ஊற்றினேன்.

“காணும், காணும்” என்றார்.

நான் திடுக்கிட்டுப் படகைச் சுற்றிப் பார்த்தேன். கம்பு இருந்தது. துடுப்பு இருந்தது. “எதண்ணா காணும்?”

“எதைத் தேடுறீங்கள்? தேத்தண்ணி காணும் எண்டனான். இவ்வளவும் போதும்.”

“காணும்னா போதுமா?”

“ஓம். வேறை என்ன?”

பிளாஸ்கை மூட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூடி மரையில் உட்காரவே இல்லை. பிறகு கேட்டேன், “அண்ணா, உங்க பிள்ளைங்க எங்க இருக்காங்க?”

“வவுனியாவிலை, நெளுக்குளத்திலை. வசந்தியின்ரை தங்கச்சி வீட்டிலை நிண்டு படிக்கினம். இஞ்சையிருந்து வவுனியாவுக்கு ஒவ்வொருநாளும் போய்வர ஏலாது தானே. மூத்தவன் இந்தமுறை சோதினை எடுக்கிறான்.” பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார். “இனியென்ன, ரெண்டு பேரும் படிச்சு முடிச்சாக் காணும்.”

ரெண்டு, காணும். இரண்டே போதும் என்று ஒரு தாய் நிறைவாகச் சொல்லியிருக்கிறார். நான் அந்தப் பிள்ளைகளைத் தொலைத்து, அவர்களுக்குச் சோறு மூடி வைத்து, உலகத்துக்கே அறிவித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பூநாரைகள் எழுந்தன, பறந்தன, வட்டமடித்து மறுபடி இறங்கின என்று நினைக்கிறேன். சிவபாலன் அண்ணா “பாருங்கோ, பாருங்கோ” என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு கையிலிருந்த போனைத்தான் அடிக்கடி பார்த்தேன். சிக்னல் இல்லை. திரும்பிப் போகலாமா என்றேன். போக முடியாது என்றார். காற்று தண்ணீரை எதிர்க்கரைக்குத் தள்ளியிருந்தது. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. காற்று மாறினால்தான் தண்ணீர் திரும்பி வரும். முதலை பயத்தில் இறங்கித் தள்ளவும் வழியில்லை.

காத்திருந்தோம். அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். பல தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது பறவையின் பெயரைக் கேட்டு மூடிக்கொண்டேன். செய்த தப்பைவிட அந்தக் கோழைத்தனம்தான் இன்றைக்கும் அதிகமாக உறுத்துகிறது. அவர் பாவம், நான் ஆசைப்பட்டு வந்ததைக் காட்டிவிட்டோம் என்ற திருப்தியில் பாட்டு முனகிக்கொண்டிருந்தார்.

கரை சேரும்போது பின்னேரமாகிவிட்டது. பையைக்கூட எடுக்காமல் வேம்படிக்கு ஓடினேன். அங்கே வசந்தி அக்கா போனோடு நின்றார். முகத்தைப் பார்த்ததுமே செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

“தம்பி, என்ரை பிள்ளையளைக் காணேல்லையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“நீங்கதான்க்கா சொன்னீங்க” என்றேன். உலகத்தில் சொல்வதற்கு எத்தனையோ வார்த்தை இருக்க, என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

“நானோ?”

புட்டு, காணும் என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நான் போட்டதைக் கனடாவில் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து அது நெளுக்குளத்துக்குப் போயிருக்கிறது. வகுப்பில் மகளிடம் “உன்னைக் காணேல்லையாமே” என்று கேட்டுக் கேலி செய்திருக்கிறார்கள். அவள் அழுதுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அங்கேயே, அவர் முன்னாலேயே, அந்தப் பதிவை அழித்தேன். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் எடுத்துப் போட்டுவிட்டார்கள். தவறு என்னுடையது என்று புதிதாக ஒன்று எழுதினேன். அதைச் சீண்டுவாரில்லை.

“பிள்ளையள் அழுதுபோட்டு மறந்திடுவினம். அது பரவாயில்லை” என்றார் வசந்தி அக்கா. “பூமணியக்கா என்ன நினைப்பா?”

“பூமணி அக்காவா?”

“அவவின்ரை மகனைத்தான் காணேல்லை. ஒரே பிள்ளை. கடைசிச் சண்டையிலை காணாமல் போனவன். இண்டைக்கும் தேடுறா. நானும் அவவும் முகாமிலை ஒரே தரப்பாள் கூடாரத்துக்குக் கீழை கிடந்தனாங்கள். ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்காமல் இருந்ததில்லை. அவவின்ரை தமையன் கனடாவிலையிருந்து அனுப்பினவராம், காலமை இதிலை நிண்டு அந்தப் படத்தைப் பாத்தவா. பாத்திட்டு என்னோடை ஒரு கதையில்லாமல் போயிட்டா. வெளியாக்களைக் கண்டவுடனை நான் அவவின்ரை துக்கத்தை எடுத்து என்ரை எண்டு சொல்லிப் போட்டன் எண்டெல்லோ நினைப்பா. நான் என்ன முகத்தோடை அவவைப் பாக்கிறது?”

கொக்கு முடிஞ்சுதோ என்று கேட்ட அம்மாள். சேற்றிலிருந்து என் பூட்ஸைப் பிடுங்கித் தந்தவர். கவலையே கிடையாது என்று நான் முடிவு கட்டியவர். அவமானம் என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதற்கும் எனக்குப் பொருள் தெரியாது என்று அந்த வேம்படியில்தான் தெரிந்துகொண்டேன்.

“நான் போய்ச் சொல்றேன்க்கா” என்றேன்.

“நீங்கள்தான் சொல்லவேணும்” என்றார்.

பூமணி அக்கா வீட்டு வாசலில் பலகைமேல் உட்கார்ந்து கூனி இறாலில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டினார். நான் நின்றுகொண்டே சொன்னேன். வசந்தி அக்கா அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர் காணும் என்றார், எங்கள் ஊரில் காணும் என்றால் தொலைந்துபோனது என்று அர்த்தம், பேனாவைக் காணும், செருப்பைக் காணும் என்போம், அதனால் வந்த வினை, தப்பு முழுக்க என்னுடையது. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் கை நின்றது. “செருப்புக் காணும் எண்டா, போட்டு நடக்கச் செருப்புக் கிடக்கு, போதும் எண்டெல்லோ நாங்கள் நினைப்பம்” என்றார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் உள்ளே திரும்பிப் பார்த்தார்.

சுவரில் ஓர் இளைஞனின் படம். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. உதட்டை இறுக்கி நேராகப் பார்க்கிறான். மாலை இல்லை, பூ இல்லை, முன்னால் விளக்கும் இல்லை.

“அப்ப இவன் உங்கடை ஊர்க் காணும்” என்றார்.

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

“வசந்தி அப்பிடிச் சொல்லமாட்டாள் எண்டு எனக்குத் தெரியும். அவளிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை” என்றார். ஒரு பிடி இறாலை அள்ளிச் சுளகில் போட்டார். “நான் கதைக்காமல் வந்தது வேறை. நேற்று அந்த முத்தத்திலை நானும் அவளுக்குப் பக்கத்திலை இருந்தனான் எல்லோ? நீங்கள் எங்கள் ரெண்டு பேரையும்தானே எடுத்தனீங்கள்? படத்திலை என்னைக் காணேல்லை. ஏன் எண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான்.”

பொய் சொல்ல ஒரு கணம் யோசித்தேன். காமிரா அகலம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

“நான் வெட்டிட்டேன்க்கா.”

“ஏன் தம்பி?”

“நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “வெட்டாத படம் கிடக்கோ?” என்று கேட்டார்.

காமிராவில் இருந்தது. வசந்தி அக்கா வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்து, திரையில் காட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

“இப்பிடித்தான் அவனும் சிரிப்பான்” என்றார். “பல்லெல்லாம் தெரிய. அவனுக்கு அப்பிடியே உன்ரை சிரிப்பு எண்டு ஆக்கள் சொல்றவை. நான் சிரிக்கிறதை நான் எங்கை கண்டனான்?” சுவரை ஒரு தடவை பார்த்தார். “அந்தப் படத்துக்குச் சிரிக்க விடமாட்டினம். இடம்பெயர்ந்ததிலை மற்றப் படம் ஒண்டும் மிஞ்சேல்லை. அவன் சிரிக்கிற முகம் எனக்கு மறந்துகொண்டு வந்தது.”

காமிராவைத் திருப்பித் தர மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“வசந்தியிட்டைச் சொல்லுங்கோ, நாளைக்கு மா அரிக்க வாறனாம்” என்றார். “இந்தப் படத்தை எனக்கு அனுப்பிவிடுங்கோ.”

மறுநாள் காலை நான் புறப்பட வேண்டும். சிவபாலன் அண்ணா லாண்ட்மாஸ்டரை வேம்படியில் நிறுத்தினார். வசந்தி அக்கா எனக்கு இடியப்பம் கட்டித் தந்தார். “கவனமாப் போங்கோ” என்றதோடு சரி. அதற்குமேல் என்னோடு பேசவில்லை. அவர் அதைக்கூடச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் அவர் பூமணி அக்காவோடு சேர்ந்துதான் நடந்து வந்தார். தனக்குப் போன் சரியாகப் பார்க்க வராது என்று பூமணி அக்கா சொல்ல, வசந்தி அக்காதான் அதை வாங்கி, நான் அனுப்பிய படத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அடுப்பு, புகை, மாச்சட்டி, குனிந்திருந்த வசந்தி அக்கா, எல்லாம் இருந்த முழுப் படம். பூமணி அக்கா அதை இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். அடுப்பு வெளியே போனது, வசந்தி அக்கா வெளியே போனார். நான் வெட்டிப் போட்ட அந்தச் சிரிப்பு மட்டும் கையில் மிஞ்சியது.

லாண்ட்மாஸ்டர் கிளம்பியபோது அவர் தலை நிமிரவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.